செய்கூலி, சேதாரம், ஒரு பழைய துப்பாக்கி

நகைக்கடைக் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைய தங்க விலை பலகையில் எழுதியிருக்கும். அதைக் கிராமால் பெருக்கி மனத்துக்குள் ஒரு தொகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ரசீது வரும்போது 'உப்பா' என்று இன்னொரு வரி அதில் இருக்கும். அதையே தமிழ்நாட்டில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். செய்கூலி கைக்கு. சேதாரம், அறுத்ததிலும் ராவியதிலும் உருக்கியதிலும் போன பொருளுக்கு. தங்கம் அதேதான், ஆனால் நெளிவும் பூவேலையும் கூடக் கூட அந்த வரி ஏறிக்கொண்டே போகும்.

இன்று நான் எழுத வந்தது நகையைப் பற்றி அல்ல. கைத்துப்பாக்கியைப் பற்றி. நூறு வருடத்துக்கு முந்திய புகழ்பெற்ற துப்பாக்கிகளை இன்று மறுபடியும் செய்ய முயன்றவர்களுக்கு என்ன செலவானது என்பதைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இது என்ன பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கேட்டது நானல்ல, ஒரு நேயர்.

எங்கள் காலை நிகழ்ச்சியில், மனத்தில் தோன்றும் எதையும் கேளுங்கள் என்று ஓர் அங்கம் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் பழைய பாட்டு, வாழைப்பூ வடை, பள்ளிக்கூடப் பேருந்துக் கட்டணம் என்று வரும். தைப்பிங்கிலிருந்து ஒருவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம், புலனத்தில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, அந்தக் காலத்துல மெஷினு இப்ப மாதிரி இல்ல. கம்ப்யூட்டர் இல்ல. ஆனா லச்சக் கணக்குல துப்பாக்கி செஞ்சு தள்ளினான். இப்ப எல்லா வசதியும் இருக்கு. அதே துப்பாக்கிய இப்ப செய்யச் சொன்னா ஆனை விலை குதிர விலை சொல்றானே, ஏன்?"

வானொலியில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிடம். அடுத்து விளம்பரம். சொல்ல வேண்டியதில் பாதிகூடச் சொல்லவில்லை. அவருடைய கேள்வி துப்பாக்கியைப் பற்றியது மட்டுமல்ல என்று தோன்றியதால், தேடிப் படித்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

லூகர் என்ற ஜெர்மன் துப்பாக்கியிலிருந்து தொடங்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஜெர்மன் அதிகாரி இடுப்பிலிருந்து உருவுவாரே, மெல்லிய குழல், சாய்ந்த கைப்பிடி, அதுதான். ஹூகோ போர்ச்சார்ட் 1893-இல் செய்த பெரிய, பிடிக்கச் சிரமமான ஒரு துப்பாக்கியை எடுத்து, ஜார்ஜ் லூகர் சீராக்கினார். 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் முதலில் ஏற்றது. 1904-இல் ஜெர்மன் கடற்படை, 1908-இல் ஜெர்மன் தரைப்படை. எல்லா வகைகளையும் சேர்த்தால் இருபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள்.

இதன் தனித்தன்மை மேலே இருக்கும் ஒரு மூட்டு. நம் முழங்கால் நீட்டியிருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், சற்று மடங்கினால் உடனே மடிந்துவிடும் அல்லவா? அதே தந்திரம். சுடும் கணத்தில் மூட்டு நேராக நின்று தாங்கும். குழல் சற்றுப் பின்னால் வந்ததும் மூட்டு மேல்நோக்கி மடியும். பார்க்க மிக அழகு. செய்யத்தான் தலைவலி. அந்த மூட்டின் ஒவ்வொரு துண்டும், அதைத் தாங்கும் சட்டமும், முழு எஃகிலிருந்து கடைந்தும் குடைந்தும் எடுக்க வேண்டியவை. நூற்றுக்கணக்கான தனித்தனி இயந்திர வேலைகள். கையில் வருவது ஒரு கிலோவுக்கும் குறைவான துப்பாக்கி. பட்டறைத் தரையில் விழுவது அதைவிடக் கூடுதலான எஃகுச் சீவல். அதுதான் சேதாரம்.

செய்கூலியின் அடையாளத்தை லூகரின் உடம்பிலேயே பார்க்கலாம். ராணுவத்துக்குச் செய்த லூகர்களில் சின்னஞ்சிறு பாகங்களில்கூட அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கும். ஏன் தெரியுமா? ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தொழிலாளி அரத்தால் ராவி, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்தியிருக்கிறார். பக்கத்துத் துப்பாக்கியின் பாகத்தை எடுத்து இதில் மாட்டினால் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் எல்லா எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், ஒரு சிறு பாகத்தில் எண் மாறியிருந்தாலே விலையை வெட்டுவதும் இதனால்தான்.

இந்த இடத்தில் எனக்குப் புரியாத ஒன்றை விளக்கியவர் கிள்ளானில் இருக்கும் ஒரு பெரியவர். நாற்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை பார்த்தவர். ரப்பர் தொழிற்சாலையில் தொடங்கி, பிறகு சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "இரும்பு இரும்புதான்ம்மா. பம்புக்கு ஒரு மாதிரியும் துப்பாக்கிக்கு ஒரு மாதிரியும் தேயாது."

படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதுல ஒவ்வொரு பாகமும் அளவுல ரெண்டு தவ் முன்ன பின்ன இருக்கலாம்னு வெச்சுக்க. பத்து பாகம் வரிசையா சேர்ந்தா இருவது தவ். மெஷின் அதோட வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கும், ஆனா சாமான் ஆடும். அந்த ஆட்டத்த எடுக்கிறதுதான் ஃபிட்டர் வேல." தவ் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இங்கிலீஷ்காரன் காலத்துப் பட்டறை மொழி. தலைமுடியே இரண்டு மூன்று தவ் தடிமன் இருக்கும் என்றார். அதில் பாதியை அரத்தால் எடுத்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடியும் ராவி, மறுபடியும் மாட்டிப் பார்க்க வேண்டும்.

"பழகறதுக்கு எத்தன வருஷம் ஆகும் அங்கிள்?"

"எங்க மேஸ்திரி முதல் வருஷம் எங்கிட்ட அரத்த மட்டும்தான் குடுத்தாரு."

அவருடைய பட்டறை இப்போது இல்லை. இடத்தைக் கார் கழுவுகிறவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

கைவேலை விலை கூடியது என்பதை ஜெர்மானியர்களே முதலில் உணர்ந்தார்கள். 1930-களிலேயே லூகருக்குப் பதில் வேறு துப்பாக்கி தேட ஆரம்பித்து, வால்தர் நிறுவனத்தின் பி.38-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். செய்ய எளிது, செலவு குறைவு. சுவிட்சர்லாந்துக்காரர்களோ லூகரை விட மனமில்லாமல், 1929-இல் அதையே எளிமையாக்கினார்கள். கைப்பிடியின் முன்பக்க வளைவை எடுத்துவிட்டு நேராக்கினார்கள். ஒரு வளைவுதானே என்று நமக்குத் தோன்றும். நெளிவுக்கு உப்பா உண்டு என்பது எஃகுக்கும் பொருந்தும்.

நம் ஊரில் ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஜப்பானிய அதிகாரிகள் வைத்திருந்த நம்பு துப்பாக்கியைப் பலர் லூகரின் நகல் என்றே நினைக்கிறார்கள். வெளித்தோற்றம் அப்படி, உள்ளே வேறு அமைப்பு. அதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. போருக்கு முன்பு செய்தவை பளபளவென்று இருக்கும். 1944, 1945-இல் வந்தவற்றில் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும், மெருகு இல்லை. மெருகேற்ற நேரமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு நாட்டின் பட்டறைகளில் என்ன நடக்கிறது என்பதை ஒரு துப்பாக்கியின் முதுகைத் தடவியே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

சரி, போர் முடிந்தது. லூகர் நின்றுவிட்டது. ஆனால் அதன் மேல் ஆசை நிற்கவில்லை, குறிப்பாக அமெரிக்காவில். 1960-களின் இறுதியில் ஓர் அமெரிக்க ஆயுத வணிக நிறுவனம் ஜெர்மனியின் மவுசர் தொழிற்சாலையை நாடியது. லூகரை மீண்டும் செய்து தாருங்கள், நாங்கள் விற்றுத் தருகிறோம் என்றது. செய்வதற்கான பழைய சாதனங்கள் எங்கே? ஜெர்மனியில் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் இருந்தன. அவற்றை வாங்கி வந்து 1970 வாக்கில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். சுவிஸ் சாதனம் என்பதால் கைப்பிடியும் சுவிஸ் பாணியில் நேராக வந்தது. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். படத்தில் பார்த்த லூகர் இது இல்லையே! பிறகு வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செலவைக் குறைக்க 1929-இல் வெட்டி எறிந்ததை, விற்பதற்காக மறுபடியும் ஒட்ட வேண்டியதாயிற்று. ஏக்கத்தை விற்கிறவனுக்கு எளிமைப்படுத்தும் சுதந்திரம் கிடையாது.

இந்த மவுசர் லூகர்கள் தரமானவை. ஆனால் பெரிய வியாபாரமாகவில்லை. காரணம், சந்தையில் அவற்றின் போட்டியாளர் வேறு நிறுவனம் அல்ல, பழைய லூகரேதான். போரிலிருந்து சிப்பாய்கள் நினைவுப் பொருளாகக் கொண்டுவந்த அசல் லூகர்கள் அமெரிக்க வீடுகளின் அலமாரிகளில் ஏராளம். அவற்றை யாரோ எப்போதோ கூலி கொடுத்துச் செய்து முடித்துவிட்டார்கள். அந்தச் செலவு ஏதோ ஓர் அரசாங்கத்தின் கணக்கில் போய்விட்டது. புதிதாகச் செய்பவர் இன்றைய கூலியைக் கொடுத்துவிட்டு, நேற்றைய கூலியில் செய்த பொருளோடு விலையில் மோத வேண்டும்.

தைப்பிங் நேயருக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பாதி இதுதான். "லட்சக் கணக்கில் செய்தான்" என்றாரே, பதில் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கணக்குக்காக ஒரு கற்பனை எண்ணை வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரியைச் செய்வதற்கான அச்சுகள், பிடிகள், வெட்டுக் கருவிகள், வரைபடங்கள், சோதனைகள் எல்லாவற்றுக்கும் 20 லட்சம் டாலர் ஆகிறது என்போம். இரண்டு லட்சம் துப்பாக்கி விற்றால் ஒன்றின் தலையில் விழுவது 10 டாலர். இரண்டாயிரம்தான் விற்கும் என்றால் ஒன்றுக்கு 1,000 டாலர், அதுவும் எஃகு வாங்குவதற்கு முன்பே. அந்தக் காலத்தில் வாங்கியவை ராணுவங்கள். இன்று வாங்குபவர் சுவரில் மாட்டி வைத்து ரசிக்கும் ஒருவர். கணினி வழிநடத்தும் சி.என்.சி. இயந்திரம் வந்து கூலியைக் குறைத்தது உண்மை. எண்ணிக்கையை அது கூட்டித் தராது.

போர்க்காலத்தில் எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கர்களைப் பார்க்கலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 துப்பாக்கி 1911-இல் அவர்கள் ராணுவத்துக்கு வந்தது. அதன் பின்னணி நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. பிலிப்பைன்ஸின் மிண்டானாவ், சூலு பகுதிகளில் மோரோ போராளிகளோடு நடந்த சண்டையில் தங்கள் .38 ரிவால்வர்கள் போதவில்லை என்று சிப்பாய்கள் புகார் சொன்னதும், பெரிய குண்டு தேடியதும் அதற்கு ஒரு காரணம். சூலுவுக்கு அடுத்து நம்முடைய சபா. இரண்டாம் உலகப் போரில் இதைச் செய்தவர்கள் யார் யார் தெரியுமா? தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில் சமிக்ஞைக் கருவி செய்த ஒரு நிறுவனம், அப்புறம் நம் வீட்டு மூலையில் பாட்டி மிதித்துக்கொண்டிருந்த சிங்கர் தையல் இயந்திர நிறுவனம். சிங்கர் செய்தது 500 மட்டுமே; செய்ய முடியுமா என்று பார்ப்பதற்கான சோதனை ஆர்டர். ரெமிங்டன் ராண்ட் எட்டு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தது. இன்று சிங்கர் பெயர் பொறித்த ஒரு துப்பாக்கி ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது.

அதே போரில், வெறும் தகட்டை அச்சில் அடித்து ஒட்டிய லிபரேட்டர் என்ற ஒற்றைக் குண்டு துப்பாக்கியையும் செய்தார்கள். செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் கார் விளக்குப் பிரிவு. 1942-இல் சுமார் பத்து லட்சம். ஒன்றின் அடக்க விலை 2 டாலரைச் சற்றே தாண்டியது. அழகு என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைக்க முடியாது.

அடுத்து கவ்பாய் துப்பாக்கி. இதில் நமக்கும் பங்குண்டு. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா' 1972-இல் வந்தது. 2010-இல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' அதே உலகத்தைக் கிண்டலடித்தது. இரண்டிலும் இடுப்பில் தொங்கும் அந்த உருவத்துக்கு மூலம், 1873-இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் கோல்ட் அதை நிறுத்தியது. பழசாகிப்போன சாமான், இனி யார் வாங்குவார் என்று நினைத்திருப்பார்கள். தொலைக்காட்சி வந்தது. வீடு வீடாகக் கவ்பாய் தொடர்கள் ஓடின. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சரக்கில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கிரேட் வெஸ்டர்ன் என்ற நிறுவனம் 1954-இல் நகல் செய்யத் தொடங்கியது. கோல்ட் விழித்துக்கொண்டு 1956-இல் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. விலை 125 டாலர்.

ஆனால் அதற்கு முன்பே பில் ரூகர் என்ற கெட்டிக்காரர் முந்திவிட்டார். அவர் நகல் செய்யவில்லை. தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றினார். பழைய கோல்ட்டில் தட்டையான வில்கள். அவை அடிக்கடி ஒடியும். அதற்குப் பதில் மலிவான சுருள் வில்கள் போட்டார். முழு எஃகிலிருந்து குடைவதற்குப் பதில், மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் பீங்கான் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் கூட்டில் எஃகை ஊற்றினார். நமக்கு இது புதிதா? சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் மெழுகு வார்ப்புதான். அவர்கள் வண்டல் மண் பூசுகிறார்கள். வார்ப்பில் உருவம் ஏறக்குறைய முடிந்தே வெளிவரும். சீவ வேண்டியது கொஞ்சம். சேதாரம் சுருங்கிவிட்டது. 1955-இல் வந்த அவருடைய பிளாக்ஹாக் ரிவால்வரின் விலை 87 டாலர் 50 காசு. கோல்ட்டைவிட வலுவானது என்றும் பெயர் வாங்கியது. எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் கணக்கை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவர்தான்.

இத்தாலியர்கள் வேறு வழியில் போனார்கள். வடக்கு இத்தாலியில் பிரேஷியாவுக்கு மேலே வால் டிரோம்பியா என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கார்தோனே ஊரில் நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் குழல் செய்கிறார்கள். பெரெட்டா குடும்பம் வெனிஸ் ஆயுதக் கிடங்குக்கு 185 குழல் விற்ற ரசீது 1526-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1961-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூறாண்டு நினைவு நெருங்கியபோது, பழைய ரிவால்வர்களின் நகல் வேண்டும் என்று அமெரிக்க வணிகர் ஒருவர் இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தார். 1959-இல் தொடங்கிய ஊபெர்ட்டி, பிறகு பியெத்தா என்று பல நிறுவனங்கள் இதிலேயே தழைத்தன. ஒருவர் குழல் செய்வார், ஒருவர் மரப்பிடி, ஒருவர் மெருகு, ஒருவர் செதுக்கல். எல்லாரும் ஒரே பள்ளத்தாக்கில். நம் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஜவுளிக்கடையும் தையல்காரரும் ஒரே வரிசையில் இருப்பது போல. ஊரிலேயே அரசு அங்கீகரித்த சோதனை நிலையம். ஒவ்வொரு துப்பாக்கியையும் அங்கே சுட்டுப் பார்த்து முத்திரை குத்திய பிறகே விற்கலாம்.

அமெரிக்காவில் ஓர் அசல் கோல்ட் இன்று இரண்டாயிரம் டாலரை நெருங்குகிறது என்றால், ஊபெர்ட்டி நகல் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று பார்க்க ஒரு விஷயம் போதும்: நிறம். பழைய கோல்ட்டின் சட்டத்தில் நீலமும் ஊதாவும் வைக்கோல் மஞ்சளும் மேகம் போலக் கலந்து ஓடும். எலும்புக் கரியிலும் மரக்கரியிலும் பாகத்தைப் புதைத்து, மணிக்கணக்கில் உலையில் வைத்து, சட்டென்று தண்ணீரில் அமுக்கினால் வரும் நிறம் அது. ஒன்று போல இன்னொன்று வராது. சில சமயம் பாகமே வளைந்து வீணாகும். மலிவான நகல்களில் அந்த நிறத்தை ரசாயனத்தால் கொண்டுவருகிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர்கள் அருகில் வந்து உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இந்தக் கதைகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோல்ட் பைதன். 1955-இல் 125 டாலருக்கு வந்த ரிவால்வர். விசையை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போல நகரும் என்று புகழ்வார்கள். அந்த வழவழப்புக்குக் காரணம் தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் கையால் ராவிப் பொருத்திய மூத்த தொழிலாளர்கள். அவர்கள் ஓய்வு பெறப் பெற, கற்றுக்கொள்ள அடுத்த ஆள் வரவில்லை. 1999-இல் வழக்கமான உற்பத்தி நின்றது. தனி ஆர்டருக்குச் செய்து கொடுத்ததும் 2005-இல் நின்றது. பதினைந்து வருடம் கழித்து, 2020 ஜனவரியில், புதிய பைதன் வந்தது. பழைய வடிவமைப்பில் பதினான்கு பாகங்களைக் குறைத்துவிட்டார்கள். கை ராவிய இடத்தில் சி.என்.சி. இயந்திரம். ஃபிட்டரே தேவைப்படாதபடி துப்பாக்கியை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம். விலை 1,499 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 6,000 வெள்ளி.

கொள்ளை விலை என்று கத்தியவர்கள் உண்டு. ஆனால் 1955-இன் 125 டாலரைப் பணவீக்கத்தோடு கணக்கிட்டால் 2020-இல் 1,200 டாலருக்கு வருகிறது. ஆக விலை அப்படியொன்றும் குதிக்கவில்லை; மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை விழுங்கும் சாமானாகத்தான் அது அன்றும் இருந்தது. பழசு மலிவாக இருந்தது என்ற நம் நினைவு எப்போதும் அன்றைய சம்பளத்தை மறந்துவிடுகிறது. பதினைந்து காசு தேத்தாரே ஞாபகம் இருக்கிறவர்கள், அன்று நாள் கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலிவு என்ற சொல்லின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓரளவு மலிவாக, சட்டப்படி, சோதனையோடு செய்யும் இடங்கள் உண்டு. மணிலாவை ஒட்டிய மரிகினாவில் ஆர்ம்ஸ்கோர் தொழிற்சாலை அந்த 1911 துப்பாக்கியை ஏறக்குறைய கோல்ட் விலையில் பாதிக்குச் செய்து அமெரிக்காவுக்கே அனுப்புகிறது. அதே பிலிப்பைன்ஸில் செபு தீவின் தானாவ் ஊரில், வீட்டுக் கொல்லையில் அரத்தால் செய்யும் 'பல்திக்' துப்பாக்கிகளும் உண்டு. பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரின் கடைத்தெருவே இதற்குப் பெயர் போனது. கிள்ளான் பெரியவர் சொன்ன கைத்திறன் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. சோதனை முத்திரை இல்லை, எஃகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இல்லை, வாங்குகிறவர் பெயர் இல்லை. கைத்திறன் அழிகிறதே என்று இவ்வளவு நேரம் வருந்தியவள், இந்த இடத்தில் வருந்த மாட்டேன். நம் நாட்டில் போலித் துப்பாக்கியைக்கூடச் சட்டம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, அப்படியே இருக்கட்டும்.

இந்தியாவிலும் ஒரு சுற்று நடந்திருக்கிறது. வெப்லி என்ற இங்கிலாந்து ரிவால்வர் காலனி ஆட்சியின் இடுப்பிலேயே இருந்தது. சிங்கப்பூர் போலீஸ் தனியாகப் பாதுகாப்பு விசை வைத்துச் செய்யச் சொல்லி வாங்கியது. இங்கிலாந்தில் அந்தத் தொழில் ஓய்ந்த பிறகும், அந்த மரபில் வந்த .32 ரிவால்வரை இந்திய அரசுத் தொழிற்சாலைகள் செய்துகொண்டே இருந்தன. 2014-இல் அதை எடை குறைத்து, பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் கான்பூரிலிருந்து விற்பனைக்கு விட்டார்கள். அரைக் கிலோ எடை. விலை 1,22,360 ரூபாய். எந்தப் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகும் என்று அப்போதே கேட்டார்கள், சரியான கேள்வி. 2020-இல் வெப்லி நிறுவனமே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் தயாரிப்பைத் தொடங்குவதாக அறிவித்தது. கூலி குறைந்த இடத்தைத் தேடிப் பேர்பெற்ற பெயர்கள் நகர்கின்றன. துணியில் நடந்ததுதான், ரப்பர் கையுறையில் நடந்ததுதான்.

நகைக்கே திரும்பினால், இங்கேயும் 2009-இல் வெளிநாட்டுப் பொற்கொல்லர்களைக் கொண்டுவருவதை முடக்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தப் பலகையில் உட்கார வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. 2023-இல் அந்த முடக்கத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மூடிய பட்டறைகள் திறக்கவில்லை. கடைகளில் அச்சில் அடித்த நகை கூடியது.

கடைசியாக ஒரு நிறுவனத்தின் கதை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், பழைய கோல்ட் தொழிற்சாலையின் நீலக் குவிமாடத்துக்குக் கீழே, யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஃபயர் ஆர்ம்ஸ் என்று ஒன்று 1990-களில் தொடங்கியது. முதலில் ஊபெர்ட்டி பாகங்களை வாங்கிப் பொருத்தினார்கள். பிறகு எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். எலும்புக் கரி நிறம், கை மெருகு, எல்லாம் உண்டு. கோல்ட்டைவிடக் கோல்ட் மாதிரி இருக்கிறது என்று பெயர் எடுத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு நீளவில்லை. 2011 வாக்கில் அதை நிறுத்தி, அந்தச் சாதனங்களை விற்றுவிட்டு, 2013-இல் பிளாஸ்டிக் உடம்போடு 200 டாலர் அளவில் ஒரு சின்னத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். அது அடிக்கடி சிக்கிக்கொண்டு, விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. சில வருடங்களில் நிறுவனமே மூடியது. அவர்கள் கையால் பொருத்திய அந்தப் பழைய ரிவால்வர்கள், இப்போது கிடைத்தால், அன்று விற்ற விலையைவிடக் கூடுதலாகப் போகின்றன.